கேஸ் குழிக்கும் பக்குவம் வேண்டும்



இந்த மாதப் பாடம் சாண எரிவாயுக் கலனைப் பற்றியது. நம் ஊர்ப் பக்கம் கோபர் கேஸ், கேஸ் குழி என்று சொல்கிறோமே, அதுதான். வாசிக்கத் தெரிந்த உறுப்பினர் ஒருவர் குழுக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். மற்றவர்கள் நடுவிலேயே நிறுத்திக் கேள்வி கேட்கலாம். "எங்க வீட்டுல கேஸ் குழியே இல்லையே, எனக்கெதுக்கு?" என்று யாரும் எழுந்து போக வேண்டாம். நாளைக்கு ஒரு உறுப்பினர் கலன் கட்டக் கடன் கேட்டால், தீர்மானத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்களும்தான்.

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பாடத்தை எழுத வைத்தது எங்கள் தவறு ஒன்று.

நடந்தது என்ன?

நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் உறுப்பினர், குழுவில் கடன் வாங்கித் தீனபந்து மாதிரிக் கலன் கட்டினார். 2 கன மீட்டர் அளவு. அப்போது அவரிடம் 5 மாடுகள் இருந்தன. நாள்தோறும் சுமார் 50 கிலோ சாணம். கலனுக்கு அது சரியாக இருந்தது. காலையும் மாலையும் நீல நிறத்தில் அடுப்பு எரிந்தது. பக்கத்து ஊர்க் குழுக்களை எல்லாம் அழைத்து வந்து நாங்களே பெருமையாகக் காட்டினோம்.

பிறகு வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தது. 2 மாடுகளை விற்றார். சாணம் 30 கிலோவாகக் குறைந்தது. கேஸும் குறைந்தது. மாலைச் சமையல் பாதியிலேயே நின்று போகும். அந்த நேரத்தில் நடந்த கூட்டத்தில் நாங்கள், "சாணம் மட்டும்தான் என்று இல்லை, மக்கும் கழிவு எதைப் போட்டாலும் கேஸ் வரும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தோம். எப்படிப் போட வேண்டும் என்று சொல்லவில்லை.

அவர் கேட்டதை அப்படியே செய்தார். மாடு தின்று கழித்த சோளத்தட்டு, வாழை மட்டை, மீந்த சோறு, குச்சிக்கிழங்குத் தோல் எல்லாம் உள்ளே போயின. முதல் வாரம் கொஞ்சம் கூடுதலாகக் கேஸ் வந்த மாதிரி இருந்ததாம். ஒரு மாதத்தில் உள்ளே போகும் குழாய் அடைத்துக்கொண்டது. கரைசல் எதிர்த்து மேலே வந்தது. புளித்த வாடை வீசியது. அடுப்பைப் பற்ற வைத்தால் குச்சிதான் எரிந்தது, கேஸ் எரியவில்லை. விறகு பொறுக்க மறுபடி கிளம்பினார். ஆனால் தவணை மட்டும் மாதாமாதம் கட்ட வேண்டியிருந்தது.

நாங்கள் போனபோது அவர் கேட்டது இது. "மேடம், நீங்க சொன்னதத்தான செஞ்சேன். எல்லாத்தையும் போடலாம்னு சொன்னீங்க. இப்ப கேஸும் இல்ல, கடனும் நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?"

எங்களிடம் அன்றைக்குப் பதில் இல்லை. கற்றுக்கொண்டு வந்து சொல்கிறோம் என்றோம். அப்படிக் கற்றதுதான் இந்தப் பாடம்.

சாணத்துக்கு மட்டும் ஏன் பக்குவம் வேண்டாம்?

சாணத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் போதும், கேஸ் வருகிறது. சோளத்தட்டைப் போட்டால் வருவதில்லை. மாடு தின்பதும் அதே தட்டைத்தானே? வித்தியாசம் எங்கே?

வித்தியாசம் மாட்டின் வயிற்றில் இருக்கிறது. மாடு தட்டையைக் கடிக்கிறது, விழுங்குகிறது. பிறகு நிழலில் படுத்துக்கொண்டு அதையே மேலே கொண்டுவந்து மணிக்கணக்கில் அசை போடுகிறது. வயிற்றுக்குள் வெதுவெதுப்பான இடத்தில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் அதை ஊற வைத்துப் பிரிக்கின்றன. கடைசியில் வெளியே வரும் சாணம் நன்றாக நைந்து, ஈரமாக, நுண்ணுயிரிகளோடு சேர்ந்தே வருகிறது. அதாவது பக்குவம் பண்ணும் வேலையை மாடு ஏற்கெனவே முடித்துவிட்டது.

தட்டைக்கும் காய்கறிக் கழிவுக்கும் அந்த மாடு கிடையாது. மாடு செய்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். நறுக்குவது பல்லுக்குப் பதில். ஊற வைப்பது வயிற்றுக்குப் பதில். இந்தப் பாடம் முழுவதும் இந்த ஒரு விஷயம்தான்.

நமக்கு இது புதிதும் அல்ல. இட்லிக்கு அரிசியையும் உளுந்தையும் அப்படியே வேக வைப்போமா? ஊற வைக்கிறோம், அரைக்கிறோம், புளிக்க வைக்கிறோம், பிறகு ஊற்றுகிறோம். கேஸ் குழிக்கும் அதே கைப்பக்குவம்தான்.

குழிக்குள் என்ன நடக்கிறது?

சுருக்கமாக மூன்று வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: ஒரு வகை நுண்ணுயிரிகள் கெட்டியான பொருளை உடைத்துத் தண்ணீரில் கரைய வைக்கின்றன.

இரண்டாம் வேலை: இன்னொரு வகை அந்தக் கரைசலைப் புளிக்க வைத்து அமிலமாக்குகின்றன.

மூன்றாம் வேலை: கடைசி வகை அந்தப் புளிப்பைத் தின்று மீத்தேன் என்ற எரியும் வாயுவைத் தருகின்றன. நம் அடுப்பில் எரிவது இதுதான். சாண எரிவாயுவில் 100 பங்குக்கு 55 முதல் 65 பங்கு மீத்தேன். மீதியில் பெரும் பகுதி எரியாத கரியமில வாயு.

நார்ப் பொருளைப் போட்டால் முதல் வேலையே நகராது. தட்டை மிதக்கும், மேலே பாலாடை மாதிரி கட்டியாகப் படியும், கேஸ் மேலே வர வழி இருக்காது. சோறு, பழம், கிழங்கு மாதிரி மாவுப் பொருளை அதிகம் போட்டால் நேர் எதிர். முதல் இரண்டு வேலையும் வேகமாக நடந்து குழி முழுக்கப் புளிப்பு ஏறிவிடும். மூன்றாம் வேலைக்கார உயிரிகள் மெதுவாகத்தான் பெருகும். புளிப்பு ஏறினால் அவை சுருண்டு விடும். அந்த அக்கா வீட்டில் இரண்டு கெடுதலும் ஒன்றாக நடந்திருந்தன. தட்டை அடைத்தது, சோறு புளிக்க வைத்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். சாணத்தில் இருந்த சத்தில் பாதிக்கு மேல் மாடு எடுத்துக்கொண்ட பிறகுதான் நமக்கு வருகிறது. சாப்பாட்டுக் கழிவில் அந்தச் சத்து அப்படியே இருக்கிறது. 1 கிலோ சாணத்தில் சுமார் 40 லிட்டர் கேஸ் கிடைக்கும். 1 கிலோ சாப்பாட்டுக் கழிவு சரியாகச் செரித்தால் ஏறத்தாழ அதைப் போல இரண்டு மடங்கு கிடைக்கும். ஆகவே கழிவைப் போடுவது தப்பல்ல. பக்குவம் இல்லாமல் போடுவதுதான் தப்பு.

பெரியவர்களும் செய்த வேலை

கதர் கிராமத் தொழில் ஆணையம் மிதக்கும் டிரம் கலனை 1960-களிலேயே ஊர்களுக்குக் கொண்டு வந்தது. தீனபந்து மாதிரி 1984-ல் வந்தது. இவை சாணத்தை நினைத்துக் கட்டப்பட்டவை. பின்னால் புனேயில் உள்ள ஆர்ட்டி என்ற நிறுவனத்தில் டாக்டர் ஆனந்த் கார்வே சமையலறைக் கழிவுக்கென்றே சின்னக் கலன் உருவாக்கினார். அதற்கு 2006-ல் ஆஷ்டன் விருது கிடைத்தது. மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் 'நிசர்க்ருணா' என்ற கலன் உருவானது. அதில் கழிவு நேராக கேஸ் குழிக்குப் போவதில்லை. முதலில் அரைக்கிறார்கள். பிறகு வெந்நீர் சேர்த்து, காற்றுப் படும் தனித் தொட்டியில் வைக்கிறார்கள். அதன் பிறகுதான் காற்றுப் புகாத பெரிய தொட்டிக்கு விடுகிறார்கள். படித்த விஞ்ஞானிகள் செய்ததும் ஊற வைத்து அரைத்த கதைதான். நாம் நம் வீட்டுச் சாமான்களை வைத்துச் செய்யப் போகிறோம்.

படிப்படியாகச் செய்முறை

தேவையானவை: மூடியுள்ள பிளாஸ்டிக் பக்கெட் இரண்டு (20 லிட்டர் அளவு), பழைய அருவாமனை அல்லது கத்தி, பழைய உரல் அல்லது ஒரு கட்டை, ஓட்டை போட்ட பழைய கூடை, நீள மூங்கில் கழி.

1. பிரித்தல்

கழிவைக் கொட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக், கயிறு, மண், கல், எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் ஓடு, தேங்காய் நார், வெங்காயத் தோல், எலுமிச்சை ஆரஞ்சுத் தோல் எல்லாம் தனியே போகட்டும். எலுமிச்சைத் தோலில் உள்ள எண்ணெய் நுண்ணுயிரிகளுக்கு ஆகாது. தேங்காய் நாரும் மரத்தூளும் கேஸ் குழியில் செரிக்கவே செரிக்காது. அவை எரு குழிக்குப் போகட்டும். சோப்பு, பினாயில் கலந்த தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். மாட்டுக்கு ஊசி, மாத்திரை கொடுத்திருந்தால் அந்த மாட்டின் சாணத்தைச் சில நாள் எருவுக்கே விட்டுவிடுங்கள்.

மண்ணும் மணலும் சேர்ந்தால் குழியின் அடியில் தங்கிவிடும். வருஷத்துக்கு வருஷம் குழி சிறுத்துக்கொண்டே போகும். அதனால் தொழுவத்துச் சாணத்தை மண்ணோடு வழித்து எடுக்காதீர்கள்.

2. நறுக்குதல்

காய்கறிக் கழிவு, தோல், கீரைத் தண்டு, பழத்தோல் எதுவானாலும் விரல் நக அளவுக்குத் துண்டாக்குங்கள். உரலில் போட்டு நாலு இடி இடித்தால் இன்னும் நல்லது. துண்டு சிறிதாகச் சிறிதாக நுண்ணுயிரிகள் உட்காரும் இடம் அதிகமாகும். மீந்த சோறு, கூழ் இருந்தால் கையால் பிசைந்தாலே போதும்.

3. ஊற வைத்தல்

நறுக்கியதைப் பக்கெட்டில் போட்டு, அது மூழ்கும் அளவுக்குக் கலனிலிருந்து வெளியே வரும் கரைசலை ஊற்றுங்கள். வெறும் தண்ணீர் ஊற்றுவதை விட இது மேல். தயிருக்கு உறை ஊற்றுவது போல, அதில் உயிரிகள் நிறைய இருக்கும். சாதாரண வெயில் காலத்தில் ஒரு நாள், மார்கழி தை மாதங்களில் இரண்டு நாள் போதும். மூடியை இறுக்காமல் வையுங்கள். உள்ளே வாயு உண்டாகும். ஈ, கொசு வராமல் மேலே துணி கட்டுங்கள். மாடு, ஆடு வாய் வைக்காத இடமாக, குழந்தைகளுக்கு எட்டாத இடமாக இருக்கட்டும்.

இரண்டு பக்கெட் எதற்கு என்றால், ஒன்று ஊறும்போது இன்னொன்று குழிக்குப் போகும்.

நாள் கணக்கில் திறந்து வைத்து மக்க விடாதீர்கள். காற்றில் ரொம்ப மக்கினால் அடுப்புக்கு வர வேண்டிய சத்து காற்றோடு போய்விடும். பிறகு அது எருவுக்குத்தான் ஆகும்.

4. கரைத்துச் சலித்தல்

சாணத்தையும் தண்ணீரையும் ஒன்றுக்கு ஒன்று என்ற அளவில் கட்டியில்லாமல் கரையுங்கள். தோசை மாவைவிடக் கொஞ்சம் நீர்க்க இருந்தால் சரி. ஊறிய கழிவை இதில் கலந்து, ஓட்டைக் கூடையில் சலித்து விடுங்கள். கூடையில் நிற்கும் நாரும் தட்டையும் எருக்குழிக்குப் போகட்டும். அந்த அக்கா வீட்டில் குழாய் அடைத்ததற்கு இந்தக் கூடை இல்லாததுதான் காரணம்.

5. வெதுவெதுப்பு

இந்த உயிரிகளுக்கு 30 முதல் 35 டிகிரி சூடு பிடிக்கும். குளிர் காலத்தில் கேஸ் குறைவது இதனால்தான். கலக்கும் தண்ணீரைக் கறுப்பு டிரம் அல்லது கறுப்பு பெயின்ட் அடித்த குடத்தில் காலையிலிருந்து வெயிலில் வையுங்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் அந்தத் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள். விடியற்காலைப் பனித் தண்ணீரில் கரைக்க வேண்டாம். கொதிக்கும் தண்ணீரும் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும்.

6. அளவு

இதுதான் முக்கியம். முதல் வாரம் நாளுக்கு 1 கிலோ கழிவு மட்டும். இரண்டாம் வாரம் 2 கிலோ. இப்படி வாரம் 1 கிலோவாக ஏற்றுங்கள். 10 கிலோ சாணத்துக்கு 2 கிலோ கழிவு என்பதைத் தாண்ட வேண்டாம். 30 கிலோ சாணம் போடுபவருக்கு 6 கிலோ என்பதே உச்சம். கல்யாண வீட்டில் ஒரு அண்டா சோறு மீந்தது என்று ஒரே நாளில் கவிழ்த்துவிடாதீர்கள். ஒரு நாள் விருந்துக்கு ஒரு மாதப் பட்டினி கிடக்க வேண்டி வரும்.

நாள்தோறும் மூங்கில் கழியை உள்ளே போகும் குழாய் வழியாக விட்டுப் பத்துத் தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். மேலே ஆடை கட்டாது.

நம் பகுதிக் கழிவுகள்: எதற்கு என்ன பக்குவம்?

குச்சிக்கிழங்குத் தோல்: பச்சைத் தோலில் சயனைடு என்ற விஷம் உண்டாகும். ஆடு மாடு தின்று செத்த கதை நமக்குத் தெரியும். கேஸ் குழி உயிரிகளுக்கும் அது ஆகாது. நறுக்கி ஒரு நாள் நல்ல வெயிலில் உலர்த்தி, பிறகு ஊற வையுங்கள். அளவு மிகக் குறைவாகப் போடுங்கள்.

கோழி எரு: தழைச்சத்து அதிகம். தனியாகப் போட்டால் அம்மோனியா கிளம்பிக் கெடுக்கும். மணல், இறகு நீக்கி, தண்ணீர் அதிகம் விட்டுக் கரைத்து, மணல் தங்கிய பிறகு மேல் கரைசலை மட்டும் சாணத்தோடு கொஞ்சமாகச் சேருங்கள்.

வாழை மட்டை, வாழைத்தண்டு: பொடியாக நறுக்கி இடித்து இரண்டு நாள் ஊற வையுங்கள். நார் நிற்கும், சலித்து எடுங்கள்.

ஆகாயத்தாமரை: ஏரியில் சும்மா கிடக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அதன் தண்டுக்குள் காற்று இருப்பதால் அப்படியே போட்டால் மிதந்து ஆடையாகும். மண் ஒட்டிய வேரை வெட்டி எறிந்துவிட்டு, நறுக்கி, வெயிலில் வாட்டி, இடித்து ஊற வைத்துத்தான் போட வேண்டும்.

சோளத்தட்டு, வைக்கோல்: எங்கள் யோசனை, வேண்டாம். அதை மாட்டுக்கே கொடுங்கள். மாட்டை விட நன்றாக அதைப் பக்குவம் செய்யும் மெஷின் நம் வீட்டில் இல்லை.

அரிசி கழுவிய தண்ணீர், வடிகஞ்சி: மாடு இருந்தால் அது கழனித் தண்ணித் தொட்டிக்கே போகட்டும். மாடு குடித்தது போக மிச்சம் இருந்தால் கேஸ் குழிக்கு. மாட்டின் வாயைக் கட்டி அடுப்பை எரிய விட வேண்டாம்.

புளிப்பு ஏறிவிட்டால்?

அடையாளம் மூன்று. வெளியே வரும் கரைசலில் புளித்த வாடை. அதன் மேலே நுரை. அடுப்பில் தீ பிடிக்காமல் அணைவது. பள்ளிக்கூட அறிவியல் ஆசிரியரிடம் பி.எச். தாள் கேட்டு வாங்கிக் கரைசலில் நனைத்துப் பாருங்கள். 7-ஐ ஒட்டி இருந்தால் நலம். 6.5-க்குக் கீழே போனால் ஆபத்து.

உடனே கழிவு போடுவதை நிறுத்துங்கள். நாலைந்து நாள் எதுவும் போட வேண்டாம். தினமும் கழியால் கலக்குங்கள். பிறகு சாணக் கரைசலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள். நன்றாகக் கேஸ் வரும் பக்கத்து வீட்டுக் கலனின் கரைசல் நாலு பக்கெட் கொண்டுவந்து ஊற்றினால் சீக்கிரம் தேறும். தீ நீலமாக எரிய ஆரம்பித்த பிறகுதான் மறுபடி 1 கிலோவிலிருந்து கழிவு. பொறுமை வேண்டும். நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கிற மாதிரிதான்.

உயிருக்கு எச்சரிக்கை

அடைப்பு எடுக்க யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது. கயிறு கட்டிக்கொண்டும் கூடாது, "ஒரு நிமிஷம்தான்" என்றும் கூடாது. அந்த அக்காவின் வீட்டுக்காரர் வெளித்தொட்டி வழியாக இறங்கத் தயாராக நின்றார். நாங்கள் போய்ச் சேர்ந்ததால் தடுத்தோம். இதை நினைத்தால் இன்றும் எங்களுக்குக் கை நடுங்குகிறது.

உள்ளே மூச்சுவிடும் காற்று இல்லை. ஹைட்ரஜன் சல்பைடு என்ற விஷ வாயுவும் இருக்கும். அது கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். அதிகமாக இருந்தால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று இறங்கியவரும், அவரைத் தூக்க இறங்கியவரும் சேர்ந்தே போன குடும்பங்கள் உண்டு. வெளியிலிருந்து கழியால் குத்துங்கள். முடியாவிட்டால் கலன் கட்டிப் பழகிய கொத்தனாரை அழையுங்கள். அவரையும் உள்ளே இறங்க விடாதீர்கள்.

கலன் பக்கம் பீடி, விளக்கு, தீக்குச்சி வேண்டாம். காற்றில் 100-க்கு 5 முதல் 15 பங்கு மீத்தேன் கலந்தால் ஒரு பொறியில் வெடிக்கும். கழிவைக் கையாண்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அந்தத் தண்ணீரைக் கலனில் ஊற்றாதீர்கள்.

அந்த வீட்டில் இப்போது

குழாய் அடைப்பை மூங்கில் கழியால் குத்தி எடுக்க மூன்று நாள் ஆனது. புளிப்பு இறங்கி அடுப்பு மறுபடி எரிய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அதன் பிறகு இந்தப் பக்குவப்படி போட ஆரம்பித்தார். அவர் வீட்டுக் கழிவு 1 கிலோவுக்கு மேல் தேறாது. அதனால் குழுவில் பேசி, பக்கத்தில் உள்ள நாலு உறுப்பினர் வீடுகளிலிருந்தும் சத்துணவு மையத்திலிருந்தும் காய்கறிக் கழிவு வருகிறது. அவர்கள் தனியே ஒரு பக்கெட் வைத்துத் தருகிறார்கள். பதிலுக்கு வெளியே வரும் கரைசலில் ஆளுக்கு ஒரு பங்கு, கத்தரி, மிளகாய்ச் செடிக்கு.

5 மாடு இருந்த காலம் மாதிரி வருகிறதா என்றால், இல்லை. காலைச் சமையல் முழுவதும் முடிகிறது. மாலையில் சோறு வெந்து குழம்பும் கொதித்துவிடுகிறது. பலகாரம் சுடும் நாளில் விறகு வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

கணக்காகப் பார்ப்போம். 30 கிலோ சாணத்தில் நாளுக்கு சுமார் 1.2 கன மீட்டர் கேஸ். பக்குவம் செய்த கழிவு 6 கிலோ சேர்ந்தால் இன்னும் அரைக் கன மீட்டர் வரை கூடலாம். 1 கன மீட்டர் சாண எரிவாயு, சிலிண்டர் கேஸில் சுமார் 430 கிராமுக்குச் சமம். அப்படியானால் கூடுதலாக வருவது மாதத்துக்கு 6 கிலோவுக்கு மேல். 14.2 கிலோ சிலிண்டரில் கிட்டத்தட்ட பாதி. இன்றைய சிலிண்டர் விலையைப் போட்டு நீங்களே ரூபாய்க் கணக்கு பாருங்கள்.

அவரது கடனுக்குக் குழு மூன்று மாதம் அவகாசம் கொடுத்துத் தீர்மானம் போட்டது. அதன்பின் ஒரு தவணைகூடத் தவறவில்லை. கொடுத்த குழுவையும் பாராட்ட வேண்டும். "அவ சோம்பேறித்தனம்" என்று பேச்சு எழுந்தபோது, கணக்கு எழுதும் உறுப்பினர் எழுந்து, "தப்பு சொல்லிக் கொடுத்தவங்க மேல, செஞ்சவ மேல இல்ல" என்றார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றோம்.

யார் நறுக்குவது?

இந்த வேலைக்கு நாளுக்கு அரை மணி நேரம் ஆகிறது. இந்த அரை மணி நேரமும் பெண்கள் தலையில்தான் விழுகிறது என்றால், கேஸ் குழியால் மிச்சமான விறகு பொறுக்கும் நேரத்தில் ஒரு பங்கு மறுபடி போய்விடுகிறது. அடுப்பில் வெந்த சோறு வீட்டில் எல்லோரும்தான் சாப்பிடுகிறோம். கரைப்பதும், கழி ஆட்டுவதும் ஆண்கள் செய்யலாம். அந்த வீட்டில் இப்போது குழாய்க் கழி வீட்டுக்காரர் பொறுப்பு. குழியில் இறங்கப் போனவருக்குப் பொருத்தமான வேலை என்று அக்கா சிரிக்கிறார்.

கடன் கொடுக்கும் முன் குழு கேட்க வேண்டியவை

எங்கள் பயிற்சியில் இப்போது கலன் கட்டுவதற்கு ஒரு நாள், கலனுக்குத் தீனி பக்குவம் செய்வதற்கு ஒரு நாள் என்று வைத்திருக்கிறோம். குழுக்களும் கடன் தீர்மானம் போடும் முன் இவற்றைக் கேளுங்கள்:

1. இன்று எத்தனை மாடு? அதில் கட்டாயம் வீட்டில் நிற்கப் போவது எத்தனை? (1 கன மீட்டருக்கு 25 கிலோ சாணம் வேண்டும். நிற்கும் மாட்டைக் கணக்கு வைத்துக் கலன் அளவை முடிவு செய்யுங்கள். பெரிய கலன் பெருமைக்கு வேண்டாம்.)

2. மாடு குறைந்தால் கழிவு எங்கிருந்து வரும்? யார் தருவார்கள்?

3. ஊற வைக்க, கரைக்க இடமும் தண்ணீரும் உண்டா?

4. மானியம் உண்டா என்று வட்டார அலுவலகத்தில் நேரில் விசாரித்தாயிற்றா? மானியம் அந்தந்த ஆண்டு ஒதுக்கீட்டைப் பொறுத்தது. வந்தால்தான் கணக்கு. அதை நம்பித் தவணை போடாதீர்கள்.

கூட்டத்தில் பேசுங்கள்

• நம் ஊரில் நின்றுபோன கேஸ் குழி எத்தனை? ஏன் நின்றது? சாணம் குறைந்ததா, அடைத்ததா, புளித்ததா?

• சத்துணவு மையம், டீக்கடை, சந்தை ஆகியவற்றில் எவ்வளவு கழிவு வீணாகிறது? யார் கேட்டு வாங்கலாம்?

• பக்கெட் முறையை முதலில் செய்து பார்க்க யார் முன்வருகிறார்கள்? அவர் நாலு வாரம் எழுதி வைக்கட்டும்: போட்ட சாணம், போட்ட கழிவு, அடுப்பு எரிந்த நேரம்.

அப்படி எழுதிய தாளை அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு உங்கள் பிரதிநிதியிடம் கொடுத்து அனுப்புங்கள். சரியாக வந்ததையும் எழுதுங்கள், கெட்டுப் போனதையும் மறைக்காமல் எழுதுங்கள். கெட்டுப் போன ஒரு வீட்டிலிருந்துதான் நாங்களும் இந்தப் பாடத்தைக் கற்றோம்.

அடுத்த மாதம், கலனிலிருந்து வெளியே வரும் கரைசலை எருவாக்குவது பற்றிப் பேசுவோம்.